ஜப்பானிய ஆண் பாடற்குழுக்களைக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் ஒரே இரவில் நாற்பது பாடல்களைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் "சித்தி, ஒன்னுகூட ஞாபகம் இல்ல, எல்லாரும் ஒருத்தர் மாதிரியே பாடுறாங்க" என்றாள். அவளுக்குப் பின்னர் இந்த இசைக்குள் நுழைய விரும்பிய வேறு சிலருக்கும் அருகில் உட்கார்ந்து வழி காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் அதே இடத்தில்தான் இடறினார்கள்: கேட்கும் வரிசையில்.

கீழே உள்ள படிகள் ஒரு குழுவின் ஒரே ஒரு பாடலில் தொடங்கி, அரங்கில் இருக்கை தேடி அமர்வது வரை செல்கின்றன. நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் முதல் ஆறு படிகளை இரண்டு வாரங்களில் முடித்துவிடலாம். மற்றவற்றுக்கு அவசரம் இல்லை.

1. தொடங்கும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

இரு காதுகளையும் மூடும் ஹெட்போன் ஒன்று வேண்டும். இந்தப் பாடல்களில் ஐந்தாறு குரல்கள் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது, ஒலிப்பதிவாளர் அவற்றை இடமும் வலமுமாகப் பரப்பி வைத்திருப்பார். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அவை எல்லாம் கலந்து ஒரே குரலாகிவிடும்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் பாடலைக் கோடு போட்டுப் பிரிக்கப் போகிறோம். அதை மனக்கணக்காகச் செய்தவர்களில் எவரும் இரண்டாம் நாளைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

குழுவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். ரோமன் எழுத்தில் தேடினால் ரசிகர்கள் பதிவேற்றிய துண்டுக் காட்சிகள்தாம் முதலில் வருகின்றன. ஜப்பானிய எழுத்தில் தேடினால் குழுவின் சொந்தப் பக்கம் கிடைக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அராஷி என்ற குழுவின் பெயருக்குப் புயல் என்று பொருள். அது காஞ்சி எனப்படும் சீன வழி வந்த எழுத்தில் ஒற்றை எழுத்து. அதை மட்டும் தட்டினால் வானிலைச் செய்தியும் வந்து நிற்கும். ஆகவே குழுவின் பெயரோடு பாடலின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அதற்கான காரணத்தை ஒன்பதாம் படியில் என் சொந்தச் செலவில் விளக்கியிருக்கிறேன்.

2. எந்தக் குழு எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று பிரித்தல்

ஒரு குழுவின் ஒலி, நடனம், ரசிகர் மன்ற விதிகள், பாடல்கள் இணையத்தில் கிடைக்கும் அளவு ஆகிய யாவும் அது எந்த நிறுவனத்தில் உருவானது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன. எனவே முதலில் மூன்று பெரிய பிரிவுகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் பிரிவு, ஜானி அண்ட் அசோசியேட்ஸ் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தில் சிறு வயதிலிருந்தே பயிற்சி பெற்று வந்தவர்கள். ஸ்மாப், அராஷி, ஹே! சே! ஜம்ப், சிக்ஸ்டோன்ஸ், ஸ்னோ மேன், நானிவா டான்ஷி ஆகியவை இதில் அடங்கும். பளிச்சென்ற மெட்டு, சேர்ந்து பாடும் பல்லவி, தொலைக்காட்சியோடு இறுகிய உறவு ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

இரண்டாவது, எக்ஸைல் குழுவைச் சுற்றி வளர்ந்த எல்டிஎச் நிறுவனத்தின் குழுக்கள். இங்கே பாடுவோரும் ஆடுவோரும் தனித்தனியானவர்கள். சான்டைமே ஜே சோல் பிரதர்ஸ் குழுவின் ஏழு பேரில் பாடகர்கள் இருவர் மட்டுமே. மற்ற ஐவரும் பெர்ஃபார்மர் எனப்படும் ஆட்டக்காரர்கள். இது தெரியாதவர்கள், "மற்ற ஐந்து பேர் எப்போது பாடுவார்கள்?" என்று கடைசி வரை காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தேர்வுப் போட்டிகளில் பிறந்தவை. 2019-இல் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 11 பேர் ஜேஓ1 ஆனார்கள். பாடகர் ஸ்கை-ஹை தம் சொந்தப் பணம் 10 கோடி யென்னை இட்டு நடத்திய தேர்விலிருந்து 2021-இல் பீ:ஃபர்ஸ்ட் வந்தது. கொரிய பாப்பைக் கேட்டுப் பழகியவர்களின் காதுக்கு இந்தப் பிரிவுதான் மிக எளிதாகப் பிடிபடும்.

பெயர் மாற்றங்களை இங்கே கவனிக்க வேண்டும். முதல் பிரிவின் நிறுவனர், தம்மிடம் பயிற்சி பெற்ற சிறுவர்கள் பலரைப் பல ஆண்டுகளாகப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதை, அவர் 2019-இல் இறந்த பிறகு, 2023 செப்டம்பரில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பழைய நிறுவனம் ஸ்மைல்-அப் என்று பெயர் மாறி இழப்பீட்டுப் பணியை மேற்கொள்கிறது. கலைஞர்களுக்கென ஸ்டார்ட்டோ என்டர்டெய்ன்மென்ட் என்ற புதிய நிறுவனம் உருவானது. இதையொட்டிக் கான்ஜானி எய்ட் குழு சூப்பர் எய்ட் என்றும், ஜானிஸ் வெஸ்ட் குழு வெஸ்ட் என்றும் பெயர் மாறின. வேறு காரணத்தால் செக்ஸி ஸோன் குழு 2024 ஏப்ரலில் டைம்லெஸ் ஆனது. பழைய கட்டுரையில் படித்த பெயரைத் தேடி, குழுவே கலைந்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிக்கு ஐந்து முதல் ஏழு பேர் உள்ள குழுவே பொருத்தமானது. நால்வருக்குக் கீழே இருந்தால் சேர்ந்து பாடும் ஒலியின் சுவை தெரியாது. ஒன்பதுக்கு மேல் போனால் முகத்தையும் பெயரையும் பொருத்துவதிலேயே முதல் வாரம் கழிந்துவிடும். ஸ்னோ மேன் ஒன்பது பேர் கொண்ட அருமையான குழு. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லாருக்கும் முதலில் கொடுப்பது அராஷி. 1999 நவம்பர் 3 அன்று அறிமுகமான குழு, ஐந்து பேர், அறிமுகத்திலிருந்து 2020 டிசம்பர் 31-இல் செயல்பாட்டை நிறுத்திவைத்தது வரை ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் சேரவில்லை. இந்தக் கடைசிக் காரணம் பெரியது. காட்-துன் போன்ற குழுவில் எந்த ஆண்டுக் காட்சியைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப ஆட்களின் எண்ணிக்கை மாறும். புதியவர் குழம்பிப் போவார். தவிர, அராஷி தன் சிங்கிள் (ஆல்பமாக அல்லாமல் தனியாக வெளியிடப்படும்) பாடல்களை 2019 நவம்பரில் ஸ்ட்ரீமிங் தளங்களில் மொத்தமாக வெளியிட்டிருப்பதால், தேடி அலைய வேண்டியதும் இல்லை. 2026 வசந்தகாலச் சுற்றுப்பயணத்தோடு முடித்துக்கொள்வதாக 2025 மே மாதமே அறிவித்துவிட்ட குழுவைப் போய் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பாடம் படிப்பதற்கு, அன்றாடப் பரபரப்பு இல்லாத குழுவே நல்லது.

அராஷியின் இனிப்பு திகட்டுமானால் சிக்ஸ்டோன்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜனவரி 22 அன்று வெளியான அவர்களுடைய அறிமுகப் பாடலான இமிட்டேஷன் ரெயினை எழுதியவர் எக்ஸ் ஜப்பான் குழுவின் யோஷிகி. பியானோவில் தொடங்கி மெல்ல விரியும் பாடல் அது.

குழுவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்ஸ்டோன்ஸ் என்று எழுதியிருக்கும். ஆனால் ஜப்பானில் அதை ஸ்டோன்ஸ் என்றே சொல்வார்கள். டா-ஐஸ் என்று பிரித்து எழுதியிருக்கும் வேறொரு குழுவின் பெயரைப் பகடைக்கான ஆங்கிலச் சொல்லைப் போல டைஸ் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் பெயர் சொல்லும் கணத்தில் அது உங்கள் காதில் விழாவிட்டால், யாருடைய பாடல் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

4. முதல் கேட்பு: திரையை மூடிவிட்டுப் பாடலின் எலும்பைத் தேடுதல்

அராஷியின் லவ் ஸோ ஸ்வீட் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஹனா யோரி டாங்கோ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்துக்கு முகப்புப் பாடலாக வந்தது. காணொளி வேண்டாம், ஒலி மட்டும். காட்சி இருந்தால் கண் முகங்களின் பின்னால் ஓடிவிடும். மெட்டு காதில் தங்காது.

தமிழ்த் திரைப்பாடலில் பெரும்பாலும் பல்லவி முதலில் வரும். சரணம் பின்னால் வரும். நம் காது அதற்குப் பழகியது. ஜப்பானியப் பாடலில் பெரும்பாலும் இது தலைகீழ். முதலில் ஏ-மெலோ என்ற அமைதியான பகுதி. அதன்பின் பீ-மெலோ என்ற, ஏணியில் ஏறுவது போன்ற பகுதி. அதன் உச்சியில்தான் சபி எனப்படும் பல்லவி. நம் காதுக்குச் சாபம் போல ஒலித்தாலும் சபி என்பதுதான் அங்கே எல்லாரும் சொல்லும் சொல். அது வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகலாம். புதியவர்கள் முப்பது நொடியில் "இதில் ஒன்றும் இல்லை" என்று அடுத்த பாடலுக்குத் தாவுவது, சோறு வேகும் முன் பானையை இறக்குவது போன்ற செயல். நாற்பது பாடல் கேட்ட என் அக்கா மகள் அந்த இரவில் எத்தனை சபிகளைக் கேட்டாள் என்று எண்ணச் சொன்னேன், ஏழு.

இப்போது நோட்டை எடுங்கள். பாடல் ஓடும்போது, மெட்டு மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு கோடு போட்டு, நேரத்தைக் குறியுங்கள். முதல் முறை கோடுகள் தாறுமாறாக விழும், பரவாயில்லை. இரண்டாம் முறை கேட்கும்போது சபி எங்கே திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு சபிகள் பிடிபட்டுவிட்டால் அவற்றுக்கு இடையில் உள்ளது தானாகவே ஏ-மெலோ, பீ-மெலோ என்று பிரிந்துவிடும்.

மூன்றாம் முறை, பாடலின் கடைசி மூன்றில் ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள். பல பாடல்களில் அங்கேதான் இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, ஓச்சி-சபி: தாளக் கருவிகள் விலகிக்கொள்ள, ஒருவர் மட்டும் பல்லவியைத் தணிந்த குரலில் பாடுவார். அந்த வரியை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ரசிகர்கள் மிகக் கூர்ந்து கவனிப்பார்கள். மற்றொன்று, அதைத் தொடர்ந்து இறுதிச் சபி அரைச் சுரமோ ஒரு சுரமோ மேலேறுவது. பாட்டு முழுவதும் ஒரே சுருதியில் நிற்கும் கர்நாடக இசையில் ஊறியவர்களுக்கு இது முதலில் அதிர்ச்சியாகவே இருக்கும். என் தோழி ஒருத்தி பதிவு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள்.

கிடாரோ கீபோர்டோ வாசிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. சி சுருதியில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்ற கோர்டுகளை இதே வரிசையில் மெல்ல வாசித்துப் பாருங்கள். ஜப்பானில் இதற்கு ராஜபாட்டை என்ற பொருளில் ஓடோ ஷின்கோ என்று பெயர். இந்தப் பாடல்கள் மகிழ்ச்சியாக இருக்கும்போதே தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வைத் தருவதற்கு, அடிக்கடி தலைகாட்டும் இந்த வரிசையும் ஒரு காரணம்.

5. சொற்களை மாத்திரையால் எண்ணுதல்

பொருள் தெரியாத மொழியில் பாடலைக் கேட்கும்போது பலரும் நேரே மொழிபெயர்ப்பைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, சொல் தாளத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பது. இதில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நமக்கு மாத்திரை தெரியும்.

ஜப்பானியத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, நம் கணக்கேதான். வேறுபாடு மெய்யெழுத்தில் வருகிறது. நாம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறோம். அவர்கள் சொல்லில் தனித்து நிற்கும் ன் ஒலிக்கும், இரட்டிக்கும் ஒற்றுக்கும் முழு மாத்திரை தருகிறார்கள். நம் கணக்கில் கண் என்பது ஒன்றரை மாத்திரை. அவர்களுடைய ஹொன், அதாவது புத்தகம், முழுதாக இரண்டு. நிப்பொன் என்றால் நி, ப், பொ, ன் என நான்கு. டோக்கியோ என்றால் டோ, ஓ, க்யோ, ஓ என நான்கு. பொதுவாகச் சுரம் ஒன்றுக்கு மாத்திரை ஒன்று என்று மெட்டமைப்பதால், ன் என்ற மெய்கூடத் தனக்கென ஒரு சுரத்தைப் பெற்று நிற்கும்.

அராஷியின் அறிமுகப் பாடலின் பெயரைப் பாருங்கள். குழுவின் பெயரையே அ, ரா, ஷி என்று இடையில் புள்ளி வைத்து மூன்றாக வெட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றும் மூன்று மாத்திரைகள். நாம் ரா என்று நெடிலாக எழுதினாலும் அங்கே அது குறில்தான். கைவிரலால் மேசையில் தட்டிக்கொண்டே அந்தப் பெயரைச் சமமான மூன்று தட்டுகளாகச் சொல்லிப் பழகுங்கள். ராவை நீட்டினால் நான்காகிவிடும்.

ஆங்கிலச் சொற்களும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. லவ் என்பது ரபு என்று இரண்டு தட்டாகவும், டான்ஸ் என்பது ட, ன், ஸு என்று மூன்று தட்டாகவும் விழும். "ஆங்கிலம் சரியாக உச்சரிக்கவில்லை" என்று சிரிப்பவர்கள், அந்தச் சொல் மெட்டுக்காகவே அப்படி நீட்டப்பட்டிருப்பதைத் தவறவிடுகிறார்கள்.

இதன்பின் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். முதலில் போகு, கிமி என்ற இரண்டு சொற்களை மட்டும் அடையாளம் கண்டால் போதும், நான், நீ. அடுத்து வாக்கியத்தின் முடிவைக் கவனியுங்கள். தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். எதிர்மறையும் அங்கேதான் ஒட்டும். நாம் "மறக்க" என்று தொடங்கி "வில்லை" என்று முடிப்பதைப் போல, அங்கே நை என்று முடியும். வரியின் கடைசித் துளியில் பொருள் திரும்பிக்கொள்ளும் அந்தச் சுவை நமக்குப் புதிதல்ல.

6. குரல்களையும் முகங்களையும் பிரித்தறிதல்

"எல்லாரும் ஒருவரைப் போலவே பாடுகிறார்கள்" என்ற புகாருக்கு இங்கே மருந்து உண்டு. முதல் பிரிவுக் குழுக்களில் சபியைப் பெரும்பாலும் எல்லாரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுவார்கள். ஸ்மாப் 2003-இல் சிங்கிளாக வெளியிட்டு, 30 லட்சத்துக்கு மேல் விற்ற "உலகில் ஒரே ஒரு பூ" என்ற பொருள்படும் பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தனிக்குரல் வித்தையை எதிர்பார்த்து அதைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கேட்பவரும் கூடவே பாடுவதற்கு ஏற்ற மெட்டு அது.

ஆகவே குரலைத் தேட வேண்டிய இடம் ஏ-மெலோ. அங்கேதான் வரிகள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்படும். அராஷியில் முதலில் ராப் பகுதியைப் பிடியுங்கள். அது சகுராய் ஷோ. அடுத்து, உயரமான இடத்தில் வழுக்கிக்கொண்டு செல்லும் குரல் ஓனோ சதோஷி. சற்றே கரகரப்பானது ஐபா மசாகி. மூக்கில் லேசாக இனிக்கும் குரல் மட்சுமோட்டோ ஜுன். மீதியிருப்பது தெளிந்த நீரைப் போன்ற நினோமியா கஸுனாரி. இந்த வரிசையில் போனால் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வரலாம். ஐந்தையும் ஒரே நேரத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

குரல் பிடிபட்ட பிறகே முகம். அதற்கு இசைக் காணொளியைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை காட்சி வெட்டப்படும். பயிற்சிக் கூடத்தில் ஒரே கேமராவை நிறுத்திவைத்து எடுக்கும் நடனப் பயிற்சிக் காணொளியையே பாருங்கள். இதில் பீ:ஃபர்ஸ்ட், டிராவிஸ் ஜப்பான் போன்ற புதிய குழுக்கள் தாராளமாக இருக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு என்பது இங்கே கைகொடுக்கும். ஓனோ நீலம், சகுராய் சிவப்பு, ஐபா பச்சை, நினோமியா மஞ்சள், மட்சுமோட்டோ ஊதா. பல்லாயிரம் பேர் கூடும் அரங்கின் கடைக்கோடியிலிருந்து ஒருவரை அடையாளம் காண நிறமே வழி. ஸ்னோ மேன் குழுவின் மெகுரோ ரென்னுக்குக் கறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ரசிகர்கள் கையில் ஏந்தும் விளக்கில் கறுப்பை எப்படி எரியவிடுவார்களோ என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

பெயர்களில் ஓர் எச்சரிக்கை. குடும்பப் பெயர் முன்னால், இயற்பெயர் பின்னால். அதோடு செல்லப்பெயர்களும் உண்டு: மட்சுமோட்டோ ஜுன்தான் மட்சுஜுன், நினோமியாதான் நினோ, ஓனோவை ஓ-சான் என்பார்கள். நோட்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர்களை எழுதி வைக்காவிட்டால், ஐந்து பேர் குழுவில் பத்துப் பேர் இருப்பதாகத் தோன்றும்.

7. மேடைக் காட்சிகளைப் பார்த்தல்

இப்போது அதே பாடலை மேடையில் பாருங்கள். முதலில் தொலைக்காட்சி நிகழ்ச்சி, பிறகு அரங்கக் கச்சேரி. தொலைக்காட்சியில் பாடல் சுருக்கப்பட்டிருக்கும், ஆடிக்கொண்டே பாடுவதால் மூச்சு வாங்கும், சுருதி விலகும். 1986 முதல் ஒளிபரப்பாகும் மியூசிக் ஸ்டேஷன் போன்ற நிகழ்ச்சியில் முதன்முதலாக ஒரு குழுவைப் பார்த்து, "பாடத் தெரியாதவர்கள்" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பதிவை முதலில் கேட்டவருக்கு எது களைப்பு, எது குறை என்று தெரியும். ஆகவேதான் இது ஏழாம் படி.

குரல்வளத்தை மட்டும் சோதிக்க விரும்பினால், வெள்ளைச் சுவருக்கு முன் ஒரே எடுப்பில் பாடவைக்கும் தி ஃபர்ஸ்ட் டேக் காணொளிகளைப் பாருங்கள். 2021-இன் ஜப்பான் ரெக்கார்டு விருதை வென்ற சிட்ரஸ் பாடலை டா-ஐஸ் குழு அங்கே பாடியதைக் கேட்டால், ஆண் குழுக்களைப் பற்றிய பொதுக் கருத்துகள் பல உதிரும்.

கச்சேரிக் காட்சியில் பாடகர்களை மட்டும் பார்க்காமல் மேடையையும் பாருங்கள். பார்வையாளர்களின் தலைக்கு மேலே மேடையே நகர்ந்து செல்லும் அமைப்பை மட்சுமோட்டோவின் யோசனைப்படி அராஷி 2005-இல் கொண்டுவந்தது. தொரோக்கோ எனப்படும் சிறு வண்டிகளில் ஏறி அரங்கின் ஓரங்களைச் சுற்றி வருவதும் உண்டு. பின்வரிசை ரசிகரையும் ஒருமுறை முன்வரிசையாக்குவதுதான் இவற்றின் நோக்கம். நடுவில் எம்சி என்ற நீண்ட பேச்சு வரும். அதைத் தாண்டி ஓட்டாதீர்கள். குழுவில் யார் கிண்டல் செய்பவர், யார் கிண்டலுக்கு ஆளாகிறவர் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

8. பாட்டுக்கு வெளியே உள்ள வேலைகள்

ஜப்பானில் ஐடல் எனப்படும் இத்தகைய குழுக் கலைஞருக்குப் பாட்டு ஒரு வேலை மட்டுமே. ஸ்மாப் 1996 முதல் 2016 வரை தம் வாராந்தர நிகழ்ச்சியில் விருந்தினருக்குச் சமைத்துப் போட்டார்கள். சகுராய் செய்தி நிகழ்ச்சியில் அமர்ந்தார். நினோமியா 2006-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் படத்தில் நடித்தார். இவற்றில் ஏதாவது ஒன்றை, வசன வரிகளோடு கிடைக்கும் ஒன்றைப் பார்த்தால் போதும். அராஷியின் ஓய்வுக்கு முந்தைய ஓராண்டைத் தொடர்ந்து படம்பிடித்த ஆவணத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் 2019 டிசம்பர் 31 முதல் வெளியானது, அதிலிருந்து தொடங்கலாம்.

9. வாங்குதல்

முதல் ஆறு படிகளும் முடிந்து, ஒரு மாதம் கழித்தும் அதே குழுவைக் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

ஒரே சிங்கிள் பெரும்பாலும் மூன்று பதிப்புகளாக வரும்: முதல் பதிப்பு ஏ, முதல் பதிப்பு பீ, சாதாரணப் பதிப்பு. முதல் பதிப்புகளில் இசைக் காணொளியோ படப்பிடிப்புக் காட்சிகளோ அடங்கிய வட்டு ஒன்று கூடுதலாக இருக்கும். அவை குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்து தீர்ந்துவிடும். சாதாரணப் பதிப்பில் அந்த வட்டு இருக்காது. பதிலாகக் கூடுதல் பாடல்கள் இருப்பதுண்டு. அட்டைப் படத்தைப் பார்த்து வாங்காமல் உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். எந்தப் பாடல் எந்தப் பதிப்பில் என்பதை நோட்டில் கட்டம் போட்டு எழுதிவிட்டால், ஒன்றை வாங்கினால் போதுமா என்பது தெரிந்துவிடும்.

இனி என் கதை. முதல் கச்சேரி டிவிடியை ஒரு கடை வழியாக வரவழைத்து, தபால் கட்டணமும் கட்டி, வீட்டார் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, பிளேயரில் போட்டேன். திரையில் ஒரு வரி அறிவிப்பு மட்டும் வந்தது. டிவிடிக்கு ஜப்பான் இரண்டாம் மண்டலம். இந்தியா ஐந்தாம் மண்டலம். மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாம் மண்டலம். புளூ-ரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. மலேசியாவும் சிங்கப்பூரும் ஏ என்பதால் அங்கே உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. இந்தியாவில் இருப்பவர்கள் எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் இருந்தாலொழிய வட்டு வாங்க வேண்டாம். நான் வாங்கியது இன்னும் அலமாரியில் உறை பிரித்தபடி இருக்கிறது.

ஜப்பானிய சிங்கிள்கள் வழக்கமாகப் புதன்கிழமை வெளியாகும்; கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். ஓரிகான் என்ற நிறுவனத்தின் வார விற்பனைப் பட்டியல் திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கிடப்படுவதால், முதல் வார விற்பனையை ரசிகர்கள் பெரிதாக எண்ணுகிறார்கள். அந்த அவசரத்தில் நீங்களும் இறங்க வேண்டியதில்லை.

10. அரங்குக்குச் செல்லுதல்

ஜப்பான் செல்லும் வாய்ப்பு அமைந்தால், பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் நுழைவுச்சீட்டைப் பற்றி யோசியுங்கள். பெரிய குழுக்களுக்குச் சீட்டு முதலில் ரசிகர் மன்ற உறுப்பினருக்குக் குலுக்கலில்தான் கிடைக்கும். உறுப்பினராக ஜப்பானிய முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்கும் மன்றங்கள் பல. விண்ணப்பித்தவரும் உடன் வருபவரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வாயிலில் அடையாள அட்டையைச் சரிபார்ப்பதும் உண்டு. இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். சீட்டுகளை அப்படி மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. வாயிலில் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தும் உங்களுடையதே.

உள்ளே எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு: நிறம் மாற்றக்கூடிய பென்லைட் என்ற கைவிளக்கு, உச்சிவா எனப்படும் விசிறி. விசிறியில் பெயரையோ "கையசையுங்கள்" என்பது போன்ற வேண்டுகோளையோ பெரிய எழுத்தில் ஒட்டுவார்கள். அதை மார்பு உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது; பின்னால் இருப்பவர் அதே விலை கொடுத்து வந்தவர். படம் பிடிக்க அனுமதி என்று அறிவித்தாலொழியக் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள்.

கச்சேரியின் இறுதிப் பகுதியில் மேலிருந்து வெள்ளி நாடாக்கள் பாய்ந்து விழுவது உண்டு. அவை மேடைக்கு அருகில் உள்ளவர்கள் மேலேயே விழும். கிடைக்காதவர்களுக்கு அருகில் இருப்பவர்கள் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். நீட்டினால் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எழுந்து ஓட முடியாது. எந்தப் பகுதியினர் எப்போது வெளியேறலாம் என்று ஒலிபெருக்கியில் வரிசையாக அறிவிப்பார்கள். மேல்தளத்தில் இருந்தால் அரை மணி நேரம்கூட உட்கார வேண்டியிருக்கும். கடைசி ரயிலின் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைத்து, அறையை அந்த ரயில் தடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.